செம்மண்ணை ஓவனில் வைத்தால் என்ன குடியா முழுகிவிடும்?

ஈரமண்:
குப்பைக் கிடங்கின் அடியில் குப்பைநீர் கசியாமல் இருக்கப் போடும் களிமண் படுகை, அதாவது லைனர், பற்றிய பக்கத்து இழையில் ப்ராக்டர்தாசன் அருளியது: "ஓவனில் வைத்தாலும் வெயிலில் வைத்தாலும் களிமண் களிமண்தான், எண் மாறாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மழை கொட்டும் வெப்பமண்டலச் செம்மண்ணில் ஹாலோய்சைட் என்ற களிமண் கனிமம் இருந்தால், 105 டிகிரியில் ஒரு ராத்திரி போதும். அடுக்குகளுக்கு நடுவே இருந்த நீர் வெளியேறிவிடும். பிறகு எவ்வளவு நனைத்தாலும் பழைய நிலைக்கு வராது. நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு வண்டல் வேஷம் கட்டும். திரவ எல்லை, அதாவது மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈரப்பதம், சரியும். அந்த எண்ணை வைத்தா லைனர் வடிவமைப்பது?

ப்ராக்டர்தாசன்:
வந்துவிட்டார் வாத்தியார். 26 வருடமாக மண் ஆய்வகத்தில் குப்பை கொட்டுகிறேன். ஓவன் இல்லாமல் ஈரப்பதம் எப்படிப் பார்ப்பீர்கள், நாக்கில் வைத்தா? லைனருக்கு வேண்டியது ஊடுதிறன், தண்ணீர் அதன் வழியே எவ்வளவு வேகமாகக் கசியும் என்பது. நொடிக்கு 1×10⁻⁷ செ.மீ.க்குள் வந்ததா, இல்லையா? திரவ எல்லை 50 ஆனால் என்ன, 65 ஆனால் என்ன.

கத்துக்குட்டி:
ஒரு சந்தேகம். காயவைப்பது என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? ஈரப்பதம் காண ஓவனில் வைப்பதையா, சோதனைக்கு முன்பே மண் முழுவதையும் உலர்த்துவதையா? காற்றில் உலர்த்துவதும் இதில் சேர்த்தியா?

ஈரமண்:
ஊடுதிறனாம்! அந்த மாதிரியை எந்த ஈரப்பதத்தில் இடித்துத் தயாரித்தீர்கள்? எந்த ஈரத்தில் இடித்தால் எவ்வளவு அடர்த்தி வரும் என்று காட்டும் ப்ராக்டர் வளைகோட்டைப் பார்த்துத்தானே? ஓவனில் வறுத்த மண்ணில் அந்தக் கோட்டைப் போட்டால் உகந்த ஈரப்பதம் குறைந்தும், உச்ச அடர்த்தி கூடியும் வரும். களத்து மண்ணோ அதைவிட எவ்வளவோ ஈரமாகக் கிடக்கும். ஒரு தளத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். ரோலர் ஓட்டுபவர் நாள் முழுக்க உருட்டினார், கேட்ட அடர்த்தி வரவில்லை. "மண் சரியில்லை" என்று லாரி லாரியாக வெளியேற்றினார்கள். மண்மேல் குற்றமே இல்லை, கோடுதான் தப்பு. ஓவன்!

சல்லடை75:
திரவ எல்லை சோதனைக்கான அமெரிக்கத் தரநூல் ஏஎஸ்டிஎம் டி4318-ஐயாவது புரட்டலாமே. காய்ந்துபோன மண்ணில் இந்த எல்லைகள் வெகுவாக மாறலாம் என்று அதிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மண்ணை வகைப்படுத்தும் டி2487-இல் ஓவனில் வைத்த மண்ணின் திரவ எல்லை, வைக்காததில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் அது கரிம மண், அதாவது மக்கு கலந்த மண். எண் மாறவே மாறாது என்றால் இந்த விதி எதற்கு, அழகுக்கா?

ப்ராக்டர்தாசன்:
அது கரிம மண்ணுக்கு. இங்கே பேசுவது செம்மண். மக்குக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவர் சல்லடை என்று பெயர் வைத்திருக்கிறார். போன மாதம் சரிவுக் கோணம் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் வந்து குட்டையைக் குழப்பினார்.

சல்லடை75:
அந்த விவாதத்தில் கடைசியில் ஓடிப்போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேட்டுக்காவலன்:
நீங்கள் ஓவனைக் கட்டிக்கொண்டு அழுங்கள். 2005 பிப்ரவரி 21 அன்று இந்தோனேசியாவின் பண்டுங் அருகே லியுவிகஜாவில் அடைமழைக்குப் பிறகு குப்பை மலையே சரிந்து 140 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே திரவ எல்லையை யார் கேட்டது? சரியாமல் தாங்கும் வெட்டுவலிமையைப் பாருங்கள், இடுக்குகளில் தேங்கும் நீரின் துளைநீர் அழுத்தத்தைப் பாருங்கள்.

ஈரமண்:
அது திறந்தவெளிக் குப்பைமேடு, இங்கே பேச்சு லைனரைப் பற்றி. இழையைத் திருப்பாதீர்கள். மண் இயக்கவியலின் தந்தை டெர்சாகியே 1958-இல் கென்யாவின் சசுமுவா அணை மண்ணைப் பற்றி எழுதினார். அதில் இருந்ததும் ஹாலோய்சைட்தான். துகள்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்ததால் வழக்கமான களிமண் கணக்கு அதற்குப் பொருந்தவில்லை. டெர்சாகிக்குப் புரிந்தது 26 வருட அனுபவத்துக்குப் புரியவில்லை.

ப்ராக்டர்தாசன்:
அந்த அணை நின்றதா, விழுந்ததா? நின்றது. அப்புறம் என்ன?

ஈரமண்:
மண்ணைப் புரிந்துகொண்டு கட்டியதால் நின்றது! இன்னொன்றும் கேளுங்கள். 1984-இல் மண் பொறியாளர் டேவிட் டேனியல் எழுதினார்: களத்து லைனரின் ஊடுதிறன் ஆய்வகத்தில் வந்ததைப்போல 10 முதல் 1000 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. உங்கள் ஆய்வக அறிக்கையில் நொடிக்கு 10⁻⁹ மீட்டர் என்று போட்டுவிட்டால் குப்பைநீர் அதைப் படித்துவிட்டு உள்ளேயே நிற்குமா?

ப்ராக்டர்தாசன்:
இதோ மாட்டினார்! நான் சொன்னது 10⁻⁷. இவர் நூறு மடங்கு இறுக்கி 10⁻⁹ என்கிறார். விதியே தெரியாமல் பாடம் நடத்துகிறார்.

சல்லடை75:
ஐயா, அவர் சொன்னது மீட்டர், நீங்கள் சொன்னது சென்டிமீட்டர். இரண்டும் ஒன்றே.

ப்ராக்டர்தாசன்:
தெரியும். வேகத்தில் கவனிக்கவில்லை. அலகு மாற்றுவதுதான் உங்கள் புலமை என்றால் வாழ்த்துகள்.

ஈரமண்:
அலகை விடுங்கள். ஓவனில் வைத்தால் எண் மாறுமா, மாறாதா? ஒரே மண், இரண்டு பங்கு, ஒன்றை இயல்பு ஈரத்தில் பாருங்கள், இன்னொன்றை ஓவனில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள். நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

மேட்டுக்காவலன்:
துளைநீர் அழுத்தம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

ப்ராக்டர்தாசன்:
என் ஆய்வகம் உங்கள் ஏவலுக்கு ஓடாது. நீங்களே செய்து போடுங்கள், பார்க்கலாம்.

கத்துக்குட்டி:
காற்றில் உலர்த்துவது பற்றிக் கேட்டிருந்தேன்...

ஈரமண்:
ஐந்தாவது முறை: மாறுமா, மாறாதா?