தீயில் இறந்தவருக்கு பிரேதப் பரிசோதனை கட்டாயமா?

கேள்வி: கேஸ் கசிந்து தீப்பிடித்த சாவு. காரணம்தான் தெரிகிறதே, பரிசோதனை இல்லாமல் உடலை வாங்கிவிடலாமா?

பதில் 1: கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் பெண் சந்தேகமாக இறந்திருந்தால் முடியவே முடியாது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆம் பிரிவு, பழைய சி.ஆர்.பி.சி.யில் 174. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் வரும். மற்றவர்களுக்கும், காரணத்தில் சந்தேகம் இருந்தால் போலீஸ் அனுப்பியாக வேண்டும்.

பதில் 2: மூச்சுக்குழாயைத் திறந்தால் உள்ளே கரி ஒட்டியிருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம். இருந்தால், தீப்பிடித்தபோது மூச்சு ஓடியிருக்கிறது. ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (புகையின் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு சேர்ந்து உண்டாவது) 50%-ஐத் தாண்டினால் புகையே கொன்றிருக்கலாம். மடங்கிய முஷ்டியை வைத்து ‘அடிதடி’ என்று முடிவு கட்டாதீர்கள். வெப்பத்தில் தசை சுருங்கியது அது.

பதில் 3: கரி இல்லையென்றால் கொன்றுவிட்டு எரித்தார்கள் என்றும் ஆகாது. குப்பென்று பற்றும் தீயில் கரி, கார்பாக்சிஹீமோகுளோபின் இரண்டுமே குறைவாக இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டதா என்று சோதிக்க அனுப்பும் இறந்தவரின் துணியைச் சாதாரண பாலிதீன் பையில் போட்டால் மண்ணெண்ணெய் ஆவி போய்விடும். இறுக மூடிய கண்ணாடி ஜாடிதான் சரி.