புதுப்பிப்பு: 40 நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, கீழாநெல்லி போதுமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கீழாநெல்லிச் சாறும் காலை வெயிலும் போதுமா என்று கேட்டிருந்தேன். "முதலில் மலத்தின் நிறத்தைப் பாருங்க" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மறுநாளே குழந்தை டாக்டரிடம் ஓடினோம். ரத்தத்தில் டைரக்ட் பிலிருபின் (பித்தம் சரியாக வெளியேறாதபோது ஏறும் மஞ்சள் நிறமி) அதிகம். ஸ்கேன், பயாப்ஸி முடிந்து பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தநாள அடைப்பு என்றார்கள். 54-ஆம் நாள் கசாய் ஆபரேஷன்; அடைபட்ட பித்தநாளத்தை எடுத்துவிட்டு, பித்தம் வடியக் குடலைக் கல்லீரலோடு இணைப்பது. (பெயரைக் கேட்டு மாமியார் கஷாயம் என்றே நினைத்துவிட்டார்.) 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதலாம். சாறு கொடுத்தே 12 நாளைக் கழித்திருந்தோம்.

எதிர்பாராதது: நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறியதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இப்போது மலம் மஞ்சளாகிவிட்டது. பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படலாம். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை இருந்தால் டைரக்ட் பிலிருபின் டெஸ்ட் கேளுங்கள்.