டிரம்ப் கார்டுல இல்லாத பிரெட் ஹார்ட்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

கரூர்க்காரன்:

தொண்ணூறுகள்ல ஸ்கூல் போனவங்களுக்கு டபிள்யூடபிள்யூஎஃப், அதான் அந்த அமெரிக்க மல்யுத்த ஷோ, அதுல வர்ற வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், எத்தன ஃபைட்டு, அதுல எத்தன ஜெயிச்சாரு, அவ்ளோதான், ஒரு ஆளோட மொத்த ஜாதகமும் அந்த உள்ளங்கை அளவு அட்டையில முடிஞ்சிரும். யோகோசுனா கையில வந்தா யோசிக்கவே வேணாம், வெயிட்டுன்னு கேட்டா எதிர்ல இருக்கறவன் கார்ட நீட்டிட வேண்டியதுதான். பிரெட் ஹார்ட் வந்தா மட்டும் எதக் கேக்கறதுன்னே தெரியாது, ஆறடி ஆளு, எடையும் பெரிய தலைங்களுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு அந்தக் கார்டுதான் வேணும், ஆட்டத்துல போயிருச்சுன்னா வேற ரெண்டு கார்டு குடுத்தாவது திருப்பி வாங்கிருவேன்.

அவரப் புடிச்சதுக்குக் காரணம் கண்ணாடி. ரிங்குக்கு வரும்போது போட்டுட்டு வர்ற கூலிங் கிளாஸக் கழட்டி முன்வரிசையில நிக்கற ஒரு சின்னப் பையனுக்கு மாட்டி விட்டுட்டு உள்ள போவாரு. மத்தவங்க எல்லாம் கத்திக்கிட்டு, முறைச்சுக்கிட்டு வருவாங்க, இவரு ஒரு கொழந்தய பாத்து குனிஞ்சுட்டுப் போவாரு. எனக்கு அப்ப 11 வயசு, அந்தப் பையன் நானா இருந்தா எப்படி இருக்கும்னு எத்தன நாள் நெனச்சிருப்பேன்.

இப்ப எழுத வந்த விஷயம். 1997 முழுப்பரீட்ச லீவு, மத்தியானம், அம்மா தூங்கிட்டு இருக்காங்க, நான் கோரப்பாய விரிச்சு என் தம்பிக்கு ஷார்ப்ஷூட்டர், அதான் பிரெட் மேட்ச முடிக்கற கால் பூட்டு, போட்டேன். அவனுக்கு 8 வயசு. மல்லாக்கப் படுக்க வச்சு, அவன் ரெண்டு காலுக்கு நடுவுல என் கால விட்டு, அவன் கால என் கால் மேல பின்னி, அக்குள்ல புடிச்சுக்கிட்டு அப்படியே குப்புறத் திருப்பினேன், அது வரைக்கும் டிவில பாத்த மாதிரியேதான். அப்புறம் அவன் இடுப்பு மேல முழு பாரத்தையும் போட்டு உக்காந்து கால இழுத்தேன். அவன் கத்தினான், நான் அவன் நடிக்கறான்னு நெனச்சேன், டிவிலயும் கத்தத்தான செய்வாங்கன்னு இன்னும் இழுத்தேன். முட்டி வீங்கிப் போச்சு. கட்டு போடறவர்கிட்ட தூக்கிட்டுப் போனாங்க, அந்த லீவு பூரா அவன் திண்ணையிலயே உக்காந்திருந்தான். அப்பா என்ன அடிக்கல, கேபிள் கனெக்சன எடுத்துட்டாரு. இன்னிக்கும் பந்தியில உக்காந்தா அந்த ஒரு கால மட்டும் அவன் நீட்டிக்குவான்.

ரொம்ப வருசம் கழிச்சு நெட்டு வந்ததுக்கு அப்புறம் பிரெட்டோட பழைய மேட்சுகள நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அப்பதான் தெரிஞ்சுது, அவரு எதிராளி மேல உக்காரவே மாட்டாரு. ரெண்டு காலையும் அகட்டி, முட்டிய மடக்கி, கக்கூஸ்ல குந்தற மாதிரி பாதி வரைக்கும்தான் இறங்குவாரு, பாரம் பூரா அவரு தொடையில நிக்கும், மொகம் மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு பின்னாடி சாயும். கீழ கிடக்கறவன் முதுகுக்கும் அவருக்கும் நடுவுல காத்து போற எடம் இருக்கும். நான் பண்ணது அதுக்கு நேர் எதிரு.

கனடாவுல கேல்கரியில அவங்க அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டோட அடித்தளத்துலதான் பயிற்சி, டன்ஜன்னு பேரு. 12 புள்ளைங்கள்ல இவரு எட்டாவது. ஸ்டூ நெசமாவே புடிச்சு முறுக்கி வலி என்னன்னு காட்டிக் குடுப்பாராம். அப்படி வலிய தெரிஞ்சுக்கிட்டு வளர்ந்த ஆளு அஞ்சு தடவ டபிள்யூடபிள்யூஎஃப் சாம்பியன் ஆயிருக்காரு, மொதத் தடவ 1992 அக்டோபர்ல சாஸ்கடூன்ல ரிக் ஃபிளேர்கிட்ட இருந்து. ஆனா அவரு பெருமையா சொல்லிக்கறது பெல்ட்ட இல்ல, என் கூட மோதின யாரையும் நான் காயப்படுத்திப் படுக்க வச்சதில்லங்கறதத்தான். அந்தக் கணக்கு எந்தக் கார்டுலயும் இல்ல. உங்களுக்கு அவரு எப்படி அறிமுகம்? வேற சாம்பியன் பத்தினாலும் எழுதுங்க.

லண்டன் பெடியன்:

அண்ணை, நான் அவரை நேரில கண்டனான். 1992 ஓகஸ்ட் 29, வெம்பிளி ஸ்டேடியம், சம்மர்ஸ்லாம். நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகேல்லை, எனக்கு பத்து வயசு, பள்ளிக்கூடத்தில ஒருத்தரோடயும் கதைக்கமாட்டன், இங்கிலீஷ் வாயில வராது. அப்பாவோட வேலை செய்த ஒராள் வரேலாமப் போக அந்த டிக்கெட் எங்களுக்குக் கிடைச்சது. எண்பதாயிரம் சனம். ஊரில கோயில் திருவிழாவில கண்ட சனம்தான் எனக்குத் தெரிஞ்ச பெரிய கூட்டம், இது அதைவிட எத்தினையோ மடங்கு, எல்லாரும் ஒரே ஆளுக்குக் கத்தினவை, டேவி பாய் ஸ்மித், பிரிட்டிஷ் புல்டாக். குத்துச்சண்டைக்காரர் லெனாக்ஸ் லூயிஸ் பிரிட்டிஷ் கொடியைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு வந்தவர். எதிர்ப்பக்கம் பிரெட், டேவியின்ர மனுசி பிரெட்டின்ர தங்கச்சி, அப்ப மச்சானும் மச்சானும் அடிபடுகினம் எண்டு அப்பா எனக்கு விளங்கப்படுத்தினவர். கடைசியில பிரெட் மேலால பாய்ஞ்சு உருட்டப் பாக்க டேவி அப்பிடியே அவருக்கு மேல குந்திக் காலைப் பூட்டி அமத்திப்போட்டார். ஸ்டேடியம் வெடிச்ச மாதிரிச் சத்தம்.

பிறகுதான் பிரெட் சொல்லித் தெரியும், டேவிக்கு அண்டைக்கு மட்ச் துவங்கி கொஞ்ச நேரத்திலயே எல்லாம் மறந்து போச்சாம், அடுத்தது என்ன செய்யிறது எண்டே தெரியாமல் நிண்டவராம். பிரெட் கழுத்தைப் பிடிச்சு அமத்திற மாதிரிக் காட்டிக்கொண்டு காதுக்குள்ள ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லி இருபத்தைஞ்சு நிமிசம் கொண்டு போனவர், கொண்டு போய்த் தான் தோத்தவர். எங்களுக்கு மேல இருந்து பாக்க ஒண்டும் தெரியேல்லை, டேவி சிங்கம் மாதிரித்தான் தெரிஞ்சவர். 2002இல டேவி செத்துப்போனார், 39 வயசுதான்.

செப்டம்பரில பள்ளிக்கூடம் துவங்க, நான் அந்த மட்சுக்குப் போனனான் எண்டதைச் சொல்லித்தான் முதல்முதல் வகுப்பில ஒரு பெடியனோட வாய் திறந்து கதைச்சன். அவன் இண்டைக்கும் எனக்குச் சிநேகிதன்.

நாகர்கோவில் டெட்மேன்:

நான் அண்டர்டேக்கர் ஆளு, ஆனா கரூர் அண்ணாச்சி யோகோசுனா பேர எடுத்ததால ஒரு விஷயம். 1994 ஜனவரியில யோகோசுனா கூட சவப்பெட்டி மேட்ச், ஒரு கூட்டமே வந்து அண்டர்டேக்கர பெட்டிக்குள்ள போட்டு மூடிச்சு, கொஞ்ச மாசத்துக்கு ஆளையே காணல. எங்க தெருவுல அவருக்கு ஏழு உசுருன்னு நம்பினோம், இது எத்தனாவது உசுருன்னு சண்டையே நடக்கும். ஆகஸ்ட்ல திரும்பி வந்தப்ப ரெண்டு அண்டர்டேக்கர் நின்னாங்க. அந்த டூப்ளிகேட்டு பிரையன் லீ, 1996ல வந்த இந்திப் படத்துல அண்டர்டேக்கரா வந்ததும் அவருதான், நான் ஒரிஜினல்னு நம்பி எத்தன பேர்கிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்.

2014ல ரெசில்மேனியா 30, வருசா வருசம் நடக்கற அந்தப் பெரிய ஷோவுல அண்டர்டேக்கருக்கு 21 ஜெயிப்புக்கு அப்புறம் மொதத் தோல்வி, பிராக் லெஸ்னர்கிட்ட. நமக்கு அது திங்கக்கிழம காலைல, ஆபீசுக்குக் கெளம்பாம சட்டைய பாதி மாட்டிட்டு செல்ஃபோன பாத்துட்டே உக்காந்திருந்தேன். அங்க கூட்டமே சத்தமில்லாம நின்னுச்சு, எனக்கும் பேச்சு வரல.

யோகோசுனாவுக்கு வாரேன். கார்டுல ஜப்பான்னு போட்டிருக்கும். அவரு ஜப்பான்காரரே கிடையாது, பேரு ரோட்னி அனோவாய், சமோவா வம்சம், பிறந்தது சான் பிரான்சிஸ்கோ. அவ்வளவு எடையோட கீழ விழுந்து எழும்பின மனுசன் 2000 அக்டோபர்ல லிவர்பூல்ல ஒரு ஓட்டல் ரூம்ல இறந்து கெடந்தாரு, 34 வயசு. அந்த எடைய சொல்லிச் சொல்லித்தான் நாம எத்தன கார்டு ஜெயிச்சோம். அத நெனச்சா இப்ப என்னமோ பண்ணுது.

சும்மா வந்தவன்:

யாரு ஜெயிக்கணும் யாரு தோக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருவாங்க, இதுல சாம்பியன் என்ன ப்ரோ? தப்பா எடுத்துக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன்.

கரூர்க்காரன்:

தப்பே இல்ல ப்ரோ, நல்ல கேள்வி. பேசி வச்சதுதான். பெல்ட்ட யாருக்குக் குடுக்கறாங்கன்னா, இவன நம்பி எதிராளி தன் கழுத்தக் குடுக்கலாம், இவன வச்சு ஸ்டேடியத்த நெறைக்கலாம்னு நம்பிக்க வர்ற ஆளுக்குத்தான், லண்டன் தம்பி சொன்ன மேட்சே அதுக்குச் சாட்சி. பேசி வச்ச வார்த்தைய உடைச்சா என்ன ஆகும்னு 1997 நவம்பர் 9 மாண்ட்ரியல்ல பாத்துட்டோம். பிரெட் போட்டி கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவுக்குப் போறது முடிவாயிருச்சு, சொந்த நாட்டு மண்ணுல ஷான் மைக்கேல்ஸ்கிட்ட பெல்ட்ட விட மாட்டேன், அப்புறமா குடுத்துடறேன்னு சொல்லிருந்தாரு, யாரும் ஜெயிக்காம கலாட்டாவுல முடியும்னுதான் பேச்சு. மேட்ச் நடுவுல ஷான் அவருக்கே ஷார்ப்ஷூட்டர் போடறாரு. அது பேசி வச்ச எடம்தான், பிரெட் அத மாத்திப் போட்டு எந்திரிக்கணும், அதனால அவரே கால குடுத்துட்டுப் படுத்திருக்காரு. அந்த நேரம் பாத்து கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மான் ரிங்கு பக்கத்துல நின்னு பெல் அடிக்கச் சொல்லிட்டாரு. பிரெட் தோத்தேன்னு சொல்லவே இல்ல. எந்திரிச்சு வின்ஸ் மூஞ்சியில துப்பினாரு, விரலால காத்துல டபிள்யூசிடபிள்யூன்னு எழுதினாரு. நான் அத பாக்கும்போதெல்லாம் அந்தக் கால்தான் கண்ணுல படும். நம்பி நீட்டின கால் அது.

அதுக்கப்புறம் அவரு வாழ்க்கையில நல்லதா எதுவும் சீக்கிரம் வரல. 1999 மே 23, கான்சஸ் சிட்டியில அவரு தம்பி ஓவன் ஹார்ட்ட கூரையில இருந்து கயித்துல இறக்கும்போது கொக்கி கழண்டு ரிங்குல விழுந்து இறந்துட்டாரு. ஷோவ நிறுத்தல, மிச்ச மேட்சயும் நடத்தினாங்க, என்னால இன்னும் அத ஏத்துக்க முடியல. அதே வருசம் டிசம்பர்ல கோல்ட்பெர்க் விட்ட ஒரு உதை பிரெட் தலையில பட்டு மூளைக்கு அடி, அடுத்த வருசம் ரிட்டயர்மெண்ட். யாரையும் காயப்படுத்தாத ஆளோட தொழில் இன்னொருத்தர் கால் தவறினதுல முடிஞ்சு போச்சு. 2002ல சைக்கிள்ல இருந்து விழுந்து ஸ்ட்ரோக், இடது பக்கம் செயலிழந்து, அதுல இருந்து எந்திரிச்சு நடந்து, 2010 ஜனவரியில திரும்பவும் அந்த ரிங்குக்கே வந்து ஷான் மைக்கேல்ஸுக்குக் கை குடுத்தாரு. நானா இருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியல.

வேளச்சேரி அக்கா:

நான் பொண்ணுங்கறதால என் அண்ணனுங்க டிரம்ப் கார்ட கையிலயே தர மாட்டாங்க, பின்னாடி நின்னு எட்டிப் பாத்துத்தான் எல்லார் பேரும் மனப்பாடம் பண்ணேன். 2023 செப்டம்பர் 8 ஹைதராபாத் கச்சிபவுலில டபிள்யூடபிள்யூஈ, அதான் பழைய டபிள்யூடபிள்யூஎஃப், ஷோ நடந்துச்சு இல்ல, என் பையனுக்காகன்னு வீட்ல சொல்லிட்டு சென்னையில இருந்து நைட் பஸ் ஏறிப் போனோம். நெசத்துல எனக்காகத்தான். ஜான் சீனா வந்தப்ப பையன் சீட்டு மேல ஏறி நின்னுட்டான், இந்தியாவுல சீனா ஆடின மொத மேட்ச் அது, செத் ராலின்ஸ் கூட சேர்ந்து.

ஆனா நான் அழுதது நடாலியா வந்தப்ப. ரியா ரிப்ளி கூட மேட்ச். நடாலியா பிரெட்டோட அக்கா பொண்ணு, பிங்க்கும் கருப்பும்தான் அவங்க குடும்பத்துக் கலரு, அந்தக் கலர் லைட்டுக்குக் கீழ வந்ததும் எனக்கு எங்க பழைய வீட்டு ஹால், அண்ணனுங்க முதுகு, அந்தக் கார்டு எல்லாம் ஒண்ணா வந்துருச்சு. பக்கத்துல இருந்த ஒரு தெலுங்குக்காரம்மா தண்ணி பாட்டில நீட்டினாங்க. நடாலியா தோத்துட்டாங்க, ஆனா கரூர் தம்பி எழுதினத படிச்சதுக்கு அப்புறம் நான் அந்த வீடியோவ மறுபடி பாக்கணும். மொதல்ல எந்த மேட்ச் பாக்கலாம்னு சொல்லுங்க, பையன் கேக்கறான்.

கரூர்க்காரன்:

அக்கா, ரெசில்மேனியா 10, 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், மொத மேட்ச். பிரெட்டும் ஓவனும். நம்ம வீட்ல நடக்கற கதைதான், எல்லாரும் அண்ணனையே பேசறாங்கன்னு தம்பிக்கு ஆத்தாமை. ரெண்டு மாசம் முன்னாடி அண்ணன் முட்டியில தம்பி உதைச்சதுல இருந்து ஆரம்பிச்ச சண்டை. கோவமும் இருக்கும், ஒருத்தரயொருத்தர் எவ்ளோ பத்திரமா புடிக்கறாங்கங்கறதும் பாக்கப் பாக்கத் தெரியும். கடைசியில தம்பி ஜெயிச்சிருவாரு. அதே ராத்திரி பிரெட் நொண்டிக்கிட்டே வந்து யோகோசுனாவத் தோக்கடிச்சு பெல்ட்டு வாங்குவாரு, எல்லாரும் அவரத் தோள்ல தூக்குவாங்க, ஓவன் மட்டும் தூரமா வழியில நின்னு அண்ணனையே பாத்துட்டு இருப்பாரு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அத தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். தரையில பாய் விரிச்சு உக்காந்தோம், அவன் பொண்ணு நடுவுல. ஓவன் வழியில நிக்கற எடம் வந்தப்ப நிறுத்துண்ணேன்னான். கொஞ்ச நேரம் பாத்தான். அப்புறம் போடுன்னான். கால நீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தான், நான் ஒரு தலகாணிய எடுத்து அந்த முட்டிக்குக் கீழ வச்சேன்.