மலையில எடுத்த கராத்தே படங்கள்: உங்க அனுபவம்?

பண்ணைக்காட்டுக்காரன்:
கொடைக்கானல் பைன் காட்டுல ஒரு சின்ன பட்ஜெட் கராத்தே படம். எங்க மாஸ்டர் 8 பேரை அடியாள் வேஷத்துக்குக் கூட்டிட்டுப் போனார். பனிமஞ்சு இறங்கிட்டா முந்தின ஷாட்டோட ஒட்டாதுன்னு ஒரே அவசரம். விழுறதுக்கு பெட் போடலை, ஊசி இலைதானேன்னு விட்டுட்டாங்க. மேலே மெத்தை மாதிரி இருக்கும், அடியில பூரா வேர். மல்லாக்க விழுந்தேன், தோள்பட்டை வேர் மேல. "ஓகே"ன்னு யாரோ கத்தினது கேட்டுச்சு. மரத்துக்கு நடுவுல வெள்ளையா இறங்கிட்டிருந்த மஞ்சைப் பார்த்துட்டே கிடந்தேன். தியேட்டர்ல பார்த்தா, அந்த ஷாட்ல என் முகமே இல்லை. 20 வருஷமாச்சு, பஸ்ஸுல மேல பை வைக்க அந்தக் கை எழும்பாது.

கோத்தகிரி லயன்:
எங்க எஸ்டேட் லயன் வீடுகள்ல ஆளுக்கு 2 ரூபா போட்டு வீடியோ டெக் வாடகைக்கு எடுப்போம். ப்ரூஸ் லீயோட 'தி பிக் பாஸ்' அப்படித்தான் பார்த்தேன். 1971ல தாய்லாந்துல கம்மிச் செலவுல எடுத்தது. ஐஸ் ஃபேக்டரியில கட்டி உடைஞ்சு உள்ளேயிருந்து போதைப் பொட்டலம் விழும், பார்த்த ரெண்டு தொழிலாளியும் காணாமப் போவாங்க. அப்பா தேயிலை ஃபேக்டரியில நைட் ஷிப்ட் போறவர், யூனியன் ஆளு, சினிமாவே பார்க்க மாட்டார். அன்னிக்கு வாசப்படியில நின்னவர், "கேள்வி கேக்குறவனைத்தான் மொதல்ல தூக்குவானுங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சண்டை வந்தப்ப நாங்க விசிலடிச்சோம். அவர் அசையலை.

குன்னூர் டூப்:
நானும் ஊட்டியில ஒரு நாள் டூப் போட்டிருக்கேன், ஜன்னல்ல குதிக்கிற ஷாட். பண்ணைக்காட்டுக்காரரே, தப்பு உங்க மாஸ்டர் மேலயும்தான். விழுற இடத்தை முதல்ல காலால மிதிச்சுப் பார்த்திருக்கணும். அட்டைப்பெட்டியாவது கேட்டு வாங்கியிருக்கணும். மல்லாக்க விழும்போது தாடை நெஞ்சோட ஒட்டணும், மூச்சை வெளியே விடணும், உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தரையை அறையணும். வேகமும் தேவையில்லை. செகண்டுக்கு 24க்குப் பதிலா 22 ஃப்ரேம்ல எடுத்தாலே திரையில வேகமாத் தெரியும், அடிச் சத்தம் எப்படியும் பின்னாடிதான் சேர்ப்பாங்க. ஈரத்துல ரப்பர் சோல் போடாம யாரும் இறங்காதீங்க. தோளை இன்னும் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, எலும்பு டாக்டர்கிட்ட, கட்டு வைத்தியர்கிட்ட வேண்டாம்.

பண்ணைக்காட்டுக்காரன்:
மாஸ்டரைச் சொல்லாதீங்க. அன்னிக்கு ராத்திரி பஸ் கிடையாது. காய்கறி லாரியில முட்டைக்கோஸ் மூட்டைக்கு நடுவுல, வத்தலக்குண்டு வரைக்கும் என் தலையை மடியில வெச்சுட்டு வந்தவர் அவர். வளைவுக்கு வளைவு கையால தோளை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டார்.