தெப்பத்தில் பாட்டும் பேட்டரியும்: எங்கள் தெருக் குழுவில் பேசிக்கொண்டது

தெற்குத்தெரு பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். தைப்பூசம் நெருங்கிவிட்டதால், தெப்பத்தில் பாட்டுக்கும் விளக்குக்கும் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை இந்த வாரமே முடிவு செய்துவிட வேண்டும். சென்ற ஆண்டு ஜெனரேட்டரைக் கரையில் வைத்து, மூங்கில் கழிகளில் கட்டி ஒயரை இழுத்தோம். கடைசிச் சுற்றில் அந்த ஒயர் நழுவித் தண்ணீரில் விழுந்தபோது, வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதற்காக அதையே மறுபடியும் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

டீச்சர் அக்கா: பெரியப்பா சொல்வதே சரி. 230 வோல்ட் ஒயர் குளத்துப் பக்கமே வரக் கூடாது.

மைக் செட் மாமா: அப்படியானால் பேட்டரிதான் வழி, மச்சான். அகுஜா போன்ற ஆம்பிளிஃபயர்களில் பலவற்றின் பின்புறம் 12 வோல்ட் பேட்டரிக்கென்று தனி முனைகள் உண்டு. ஆட்டோவில் விளம்பரத்துக்குப் போகும்போது நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம். நடுவில் இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி, அதை ஆம்பிளிஃபயர் மறுபடியும் குறைத்துக்கொள்வதில் மின்சாரம் வீணாவதுதான் மிச்சம். என்னிடம் இருக்கும் 120 வாட் ஆம்பிளிஃபயரை நேரடியாகப் பேட்டரியிலேயே இணைத்துவிடலாம்.

பட்டறைத் தம்பி: மாமா, பேட்டரியைத் தனியாக எதற்குத் தேட வேண்டும்? பாதுகாப்புக்காகத் தெப்பத்தின் கூடவே வரும் ஃபைபர் படகில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. எஞ்சின் ஓடினால் அதுவே சார்ஜும் ஆகிவிடும். அதிலிருந்து ஓர் ஒயர் கொடுத்தால் வேலை முடிந்தது.

தூத்துக்குடி அண்ணன்: தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம். படகுகளின் மின்வேலையையே தொழிலாகச் செய்பவன் என்ற முறையில், ஏன் கூடாது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

அந்தப் படகில் இருப்பது ஸ்டார்ட்டிங் பேட்டரி. மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கப்பட்டிருப்பதால், எஞ்சினைச் சுழற்றும் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதனால் தர முடியும். ஆனால் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் காலியாவது அதற்கு ஆகாது. மூட்டையை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைக்கிறவர் வேறு, அதைச் சுமந்துகொண்டு அடுத்த ஊர் வரை நடக்கிறவர் வேறு. இரண்டாவது வேலைக்கு இருப்பதுதான் தடித்த தகடு கொண்ட டீப் சைக்கிள் பேட்டரி. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியும் அந்த இனம்தான். ஸ்டார்ட்டிங் பேட்டரியைச் சில முறை அடிவரை காலி செய்தாலே அதன் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும்.

எஞ்சின் சார்ஜ் செய்யும் என்பதும் முழு உண்மையில்லை. படகின் பின்னால் மாட்டும் சிறிய அவுட்போர்டு எஞ்சின் தரும் சார்ஜ் வேகமாக ஓடும்போதே குறைவுதான். தெப்பத்தோடு சேர்ந்து ஊர்ந்து போகும் வேகத்தில் அது மிகவும் சொற்பம். பாட்டும் விளக்கும் அதைவிட அதிகம் இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட்டை மட்டும் ஓடவிட்டீர்கள் என்றால், யாராவது தவறி நீரில் விழும் நேரத்தில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வரும். அந்தப் படகு வருவதே அந்த ஒரு நேரத்துக்காகத்தான்.

தெற்குத்தெரு பெரியப்பா: தெளிவாகச் சொன்னாய். படகின் பேட்டரியை யாரும் தொடக் கூடாது என்று படகுக்காரரிடமும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரே தம் படகில் ஸ்டீரியோ வைத்திருக்கிறாரே, அது எப்படி ஓடுகிறது?

தூத்துக்குடி அண்ணன்: ஒரே பேட்டரியில் ஓட்டுகிறார் என்றால், ஒரு நாள் நடுநீரில் நிற்பார், பெரியப்பா. எங்கள் பக்கம் ஸ்டீரியோ பொருத்தப் படகைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, பாட்டுக்கு வேறொரு பேட்டரி என்பதைத்தான். இரண்டுக்கும் நடுவில் விஎஸ்ஆர் என்ற சிறிய ரிலே ஒன்றைப் பொருத்துவோம். எஞ்சின் ஓடி வோல்டேஜ் 13.3ஐத் தாண்டியதும் அது இரண்டையும் இணைத்துச் சார்ஜ் ஏற்றும். எஞ்சின் நின்று வோல்டேஜ் 12.8க்கு இறங்கியதும் தானாகவே பிரித்துவிடும். பாட்டு பேட்டரி முழுவதும் காலியானாலும் எஞ்சின் பேட்டரியில் கைபடாது. கையால் திருப்பும் செலக்டர் ஸ்விட்ச்சும் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுப் பிரிக்க மறந்துபோவார்கள் என்பதால் எனக்கு ரிலேதான் பிடிக்கும். அந்த ஸ்விட்ச்சை எஞ்சின் ஓடும்போது 'ஆஃப்'புக்குத் திருப்பினால் சார்ஜ் செய்யும் பாகமே எரிந்துபோகவும் கூடும்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பை ஸ்டீரியோவின் ஸ்விட்ச்சோடு சேர்த்து இணைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தப் பம்பு தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது வேலை செய்ய வேண்டும்.

மேலூர் மதினி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி. அதைத் தெப்பத்துக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை அது தாங்குமா?

மைக் செட் மாமா: நேற்று இரவு, ஒயரில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன், அம்மா. பஜனைப் பாடல்களை வழக்கமான சத்தத்தில் ஓடவிட்டபோது 5 ஆம்பியர், தவில் ஓங்கி ஒலிக்கும் இடங்களில் சிறிது நேரம் 9 வரை போய்த் திரும்பியது. 120 வாட் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பாட்டு எப்போதும் அந்த உச்சத்திலேயே நிற்பதில்லை. ஆகவே சராசரி 6 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்துக்கு 24 ஏஎச்.

தூத்துக்குடி அண்ணன்: மாமாவின் கணக்கு சரி. உண்மையில் பேட்டரியைத் தின்னப்போவது பாட்டு இல்லை, விளக்கு. தெப்பத்தைச் சுற்றி எவ்வளவு எல்இடி பட்டை கட்டப்போகிறீர்கள், எந்த வகை என்று சொல்லுங்கள்.

பட்டறைத் தம்பி: 20 மீட்டர், அண்ணே. 12 வோல்ட் பட்டை. பெரிய பல்பு வைத்ததும் கடையில் இருக்கிறது, சிறியதும் இருக்கிறது. பெரியதே பளிச்சென்று இருக்கும் என்று எண்ணினேன்.

தூத்துக்குடி அண்ணன்: பெரிய பல்பு பட்டை மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 20 மீட்டருக்கு 288 வாட், அதாவது 24 ஆம்பியர். பாட்டைவிட நான்கு மடங்கு! நான்கு மணி நேரத்தில் விளக்குக்கு மட்டும் 96 ஏஎச் வேண்டும். சிறிய பல்பு பட்டை மீட்டருக்கு 4.8 வாட், அதே 20 மீட்டர் 8 ஆம்பியரில் எரியும், 32 ஏஎச் போதும். இருட்டுக் குளத்தில் நீரிலும் சேர்ந்து எதிரொளிக்கும்போது அந்த வெளிச்சமே நிறைவாக இருக்கும்.

பாட்டுக்கு 24, விளக்குக்கு 32, ஆக 56 ஏஎச். ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பதால், மதினி வீட்டு 150இல் நமக்கு உரியது 75. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். பெரிய பல்பைக் கட்டினால் 120 ஏஎச் வேண்டியிருக்கும். எட்டரை மணிக்கே நமக்கு உரிய 75 தீர்ந்துவிடும், அதற்கு மேலும் இழுத்தால் மதினி வீட்டுப் பேட்டரி பழுதாகும்.

மேலூர் மதினி: நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கி மூன்றாண்டு ஆகிறது.

தூத்துக்குடி அண்ணன்: முழுச் சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி, ஓர் இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள், மதினி. 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள், 12.2க்குக் கீழே என்றால் பாதிதான் நிற்கிறது. சார்ஜ் ஏற்றிய கையோடு பார்த்தால் 13க்கு மேல் காட்டும், அதை நம்பக் கூடாது. இருந்தாலும் வோல்டேஜை மட்டும் வைத்து முடிவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். பழைய பேட்டரி 12.7 காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும். மாமாவின் ஷெட்டில் ஆம்பிளிஃபயரையும் விளக்கையும் சேர்த்து மாட்டி, நான்கு மணி நேரமும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடும்போதே 11.8க்கு இறங்கினால் அந்தப் பேட்டரி நமக்கு உதவாது.

டீச்சர் அக்கா: ஒரு சந்தேகம். தெப்பத்தில் தீபாராதனை நடக்கும். கற்பூரம் எரியும் இடத்துக்குப் பக்கத்தில் பேட்டரி இருப்பது பரவாயில்லையா?

தூத்துக்குடி அண்ணன்: மிக முக்கியமான கேள்வி, அக்கா. பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். சார்ஜ் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே தங்கியிருக்கும். ஆகவே தெப்பத்தில் வைத்துச் சார்ஜ் செய்யவே கூடாது. முதல் நாளே வீட்டில் சார்ஜை முடித்து, காற்றோட்டமாக வைத்திருந்து, மாலையில் ஏற்ற வேண்டும். சுவாமி இருக்கும் மண்டபத்திலிருந்து விலகி, தெப்பத்தின் பின்பக்கம், நீர் தெறிக்காத இடத்தில், மரச் சட்டத்துக்குள் நகராமல் கட்ட வேண்டும். துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடி இறுக்க வேண்டாம். டியூபுலர் உயரமானது, உள்ளே அமிலம் இருக்கிறது, சாய்ந்தால் ஒழுகும். தெப்பம் அகலமாக இருப்பதால் ஆடாது, அங்கே வைக்கலாம். அலையில் சாயும் படகில் நான் அதை வைக்கவே மாட்டேன். அங்கே அமிலம் ஒழுகாதபடி மூடி முத்திரையிட்ட ஏஜிஎம் வகைப் பேட்டரிதான்.

தெற்குத்தெரு பெரியப்பா: வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நான் சிறு பையனாக வடம் பிடித்த நாளிலிருந்து தெப்பம் பார்க்கிறேன், இதை எவரும் இப்படி யோசித்துப் பேசியதில்லை. குருக்களிடம் நானே பேசி இடத்தைக் குறித்து வைக்கிறேன்.

பட்டறைத் தம்பி: ஒயர் என்ன அளவு வாங்க வேண்டும், அண்ணே? 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒரு சுருள் பட்டறையிலேயே இருக்கிறது.

தூத்துக்குடி அண்ணன்: பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தூரம் என்றால், போகவும் வரவும் 6 மீட்டர் ஒயர். பாட்டுக்கும் விளக்குக்கும் சேர்த்து 14 ஆம்பியர் ஓடும்போது 2.5 ஸ்கொயரில் அரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் அது ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. 6 ஸ்கொயர் வாங்கு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பிளிஃபயர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. முனையில் முதலைக் கிளிப் வேண்டாம், தம்பி. நட்டு போட்டு இறுக்கு. கழற்றும்போது முதலில் பாட்டையும் விளக்கையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ்வை முதலில் எடு.

மைக் செட் மாமா: விளக்குக்கும் ஆம்பிளிஃபயருக்கும் தனித்தனி ஸ்விட்ச் போட்டுத் தருகிறேன். பேட்டரி இறங்கினால் விளக்கில் பாதியை அணைக்கலாம், மைக் மட்டும் நிற்கக் கூடாது. கூட்டத்தில் குழந்தை யாராவது காணாமல்போனால் அறிவிக்க அதுதான் வேண்டும்.

மேலூர் மதினி: அப்படியே செய்வோம். நாளை காலை பேட்டரியில் தண்ணீர் அளவு பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் ஊற்றிச் சார்ஜில் போட்டுவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் ஆகுமா?

தூத்துக்குடி அண்ணன்: ஆகாது, மதினி. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.

பட்டறைத் தம்பி: நான் வரும்போது இரண்டு பாட்டில் வாங்கி வருகிறேன், மதினி. பேட்டரியைத் தூக்குவதற்கும் ஆள் அழைத்து வருகிறேன். நீங்கள் யாரும் அதை நகர்த்த வேண்டாம்.