மைலேஜா, தேய்மானமா, களவயதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கலப்புத் தற்காப்புக் கலைக்கான நம் சொற்பட்டியலில் 'மைலேஜ்' (ஒரு வீரரின் உடம்பு இதுவரை பட்ட உழைப்பும் அடியும்) என்ற பதிவுக்கு எதிரே இன்னும் தமிழ்ச் சொல் ஏறவில்லை. இதுவரை மூன்று கருத்துகள் வந்திருக்கின்றன: மைலேஜ் என்றே விட்டுவிடலாம், தேய்மானம் எனலாம், சேதாரம் எனலாம். நான்காவதாக 'களவயது' என்பதை முன்வைக்கிறேன். மூத்த வீரர்களில் யாரை யாரோடு மோதவிடலாம் என்று நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் 'அவருக்கு வயதாகிவிட்டது', 'இவருக்கு இன்னும் வயதிருக்கிறது' என்ற இடத்திலேயே முட்டி நின்றுவிடுகிறது. இந்தச் சொல் கையில் இல்லாததுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் மைலேஜ். தமிழில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஷோரூமில் நின்று "வண்டி மைலேஜ் எவ்வளவு தரும்?" என்று கேட்டால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பொருள். மைலேஜ் அதிகம் என்பது நமக்குப் பாராட்டு. "சண்டை வீரர் ராபி லாலருக்கு மைலேஜ் அதிகம்" என்று எழுதினால், குறைந்த தீனியில் நிறைய உழைப்பவர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததோ, அந்த உடம்பு ஏற்கெனவே எவ்வளவு ஓடிக் களைத்திருக்கிறது என்பதை. பொருளே தலைகீழாகிவிடுகிறது.

சேதாரத்தை எளிதில் ஒதுக்கிவிடலாம். அது நகை செய்யும்போது கழியும் தங்கம். செய்து முடித்த நகைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

தேய்மானம் அப்படி ஒதுக்கக்கூடிய சொல் அல்ல. ஆனால் அது கணக்கர்களிடம் போய்விட்ட சொல். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சீராகக் கழித்துக்கொண்டே போவதுதான் அதன் இயல்பு. சண்டை வீரனின் உடம்பு அப்படிச் சீராகத் தேய்வதில்லை. சில சமயம் ஒரே இரவில் பத்தாண்டு கழிந்துவிடும். 2015 ஜூலை 11 அன்று லாஸ் வேகஸில், யு.எஃப்.சி. என்ற அமெரிக்கச் சண்டை நிறுவனத்தின் பட்டத்துக்காக, லாலரும் ரோரி மக்டானல்டும் மோதியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்காம் சுற்று முடிந்து மணி அடித்துவிட்டது. இருவரும் தத்தம் மூலைக்குப் போகவில்லை. லாலரின் மேலுதடு பிளந்து தொங்குகிறது. மக்டானல்டின் மூக்கு உடைந்து முகமெல்லாம் ரத்தம். நடுவில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரை நடுவர்களின் புள்ளியில் மக்டானல்ட்தான் முன்னிலை. ஐந்தாம் சுற்றில் அதே மூக்கின் மேல் லாலரின் இடக்கை நேராக இறங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு மக்டானல்ட் சரிந்தார். அப்போது அவருக்கு வயது 25. பின்னர் பெலட்டர் என்ற இன்னொரு நிறுவனத்தில் பட்டம் வென்றார், உண்மைதான். ஆனால் 33 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். லாஸ் வேகஸில் அவரை வென்ற அன்று லாலருக்கு அதே 33 வயது. இந்தக் கணக்கைத் தேய்மான அட்டவணை எதிலும் எழுத முடியாது.

அதனால்தான் 'வயது' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, அதை வேறு அளவையால், களத்தில் இறங்கிய நாளிலிருந்து வாங்கிய அடியால், எண்ணலாம் என்கிறேன். இதற்கு முன்மாதிரி உண்டு. உளவியலில் மனவயது என்கிறோம். மருத்துவத்தில் எலும்பு வயது என்கிறோம். பிறந்த தேதியோடு ஒத்துப்போகாத இன்னொரு வயது ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பது தமிழில் ஏற்கெனவே பழகிய எண்ணம்.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும்போது நல்ல மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய்ப் பாருங்கள். அவர் மீட்டரைப் பார்க்க மாட்டார், அதைத் திருப்பிவைத்துவிடலாம். குனிந்து கால் வைக்கும் மிதியின் ரப்பரைப் பார்ப்பார். வரிகள் மழுங்கி வழவழவென்று இருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் வண்டி ஓடிய வண்டிதான். வீரனின் பிறந்த தேதி மீட்டர். நான் சொல்லும் களவயது அந்த ரப்பர்.

நாம் அதிகம் சண்டையிட்டுக்கொள்ளும் எதிரிணைகளில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பார்க்கிறேன். ('மேட்ச்-அப்' என்பதற்கு 'எதிரிணை' என்று நாம் முடிவு செய்ததில் எனக்கு முழு நிறைவு. இணை என்பதில் ஜோடியும் இருக்கிறது, சமமும் இருக்கிறது.)

சக் லிடலும் வாண்டர்லே சில்வாவும். ஒருவர் யு.எஃப்.சி.யின் முகம், மற்றவர் ஜப்பானின் பிரைட் என்ற சண்டை நிறுவனத்தின் முகம். ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2007 டிசம்பர் 29 அன்றுதான் அது நடந்தது. அப்போது லிடலுக்கு 38, சில்வாவுக்கு 31. இளையவர் சில்வா என்று நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் சில்வா களத்தில் இறங்கியது 1996-இல், இருபது வயதில், பிரேசிலின் வெறுங்கைச் சண்டைகளில். லிடல் இறங்கியது 1998-இல். வயதில் ஆறரை ஆண்டு இளையவர், களவயதில் மூத்தவர். வந்த இருவருமே முந்தைய இரண்டு சண்டைகளிலும் தோற்றுத்தான் வந்திருந்தார்கள். மூன்று சுற்றும் அடித்துக்கொண்டு புள்ளியில் லிடல் வென்றார். வயது வித்தியாசம் அங்கே எங்குமே தெரியவில்லை.

யு.எஃப்.சி.யின் ராண்டி கோட்டூரும் பிரைடின் ஃபெடோர் எமிலியானென்கோவும். நடக்காத எதிரிணைகளில் என் மனத்தை இன்னும் அரிப்பது இதுதான். கோட்டூர் 2006 பிப்ரவரியில் லிடலிடம் வீழ்ந்து ஓய்வை அறிவித்தார். 2007 மார்ச்சில், 43 வயதில் திரும்பி வந்து, தன்னைவிட மிக உயரமான டிம் சில்வியாவை முதல் குத்திலேயே தரையில் உட்கார வைத்து, ஐந்து சுற்றும் வென்று கனரகப் பட்டத்தை எடுத்தார். அந்த அக்டோபரிலேயே ஃபெடோருடன் மோத வேண்டும் என்று யு.எஃப்.சி.யை விட்டு வெளியேறினார். ஒப்பந்தத் தகராறு இழுத்தடித்தது. 2008-இல் திரும்பி வந்து பிராக் லெஸ்னரிடம் பட்டத்தை இழந்தார். ஃபெடோர் அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர் என்பதால் ஒருதலைப்பட்சமாக முடிந்திருக்கும் என்று இங்கே பலரும் எழுதினார்கள். கோட்டூர் முதல் சண்டைக்கு வந்ததே 33 வயதில், 1997-இல். ஃபெடோர் வந்தது 2000-இல். பதின்மூன்று ஆண்டு வித்தியாசம் களவயதில் மூன்றாகச் சுருங்குகிறது. ஃபெடோர் வென்றிருப்பார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் வயது அல்ல, அவருடைய கைவேகம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கோட்டூர் அதற்கு முன் பல ஆண்டுகள் கிரேக்க–ரோமானிய மல்யுத்தம் ஆடியவர். அந்த ஆண்டுகளைக் களவயதில் சேர்ப்பதா? மல்யுத்தம் முழங்காலையும் முதுகையும் கழுத்தையும் தின்னும். தலையில் குத்து விழுவதில்லை. என் கருத்து, களவயதின் மையம் தலையில் வாங்கிய அடிதான். லாஸ் வேகஸில் கிளீவ்லாந்து கிளினிக் 2011-இல் தொடங்கி நடத்திவரும் ஆய்வு, சண்டைகள் கூடக் கூட மூளையின் சில பகுதிகளின் கன அளவு குறைவதைக் காட்டியிருக்கிறது. எனவே மல்யுத்த ஆண்டுகளை விட்டுவிடலாம் என்பேன். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் கேட்க விரும்புகிறேன்.

சூத்திரம் வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: இத்தனை சுற்று, இத்தனை நாக் அவுட், ஆக மொத்தம் இத்தனை. சூத்திரம் வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் விழுந்த அடிக்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில், கதவை மூடிக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் வாங்கிய அடிக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

களவயது குறையுமா என்பது அடுத்த கேள்வி. குறையாது. நிக் டயஸ் 2004-இல் லாலரை வீழ்த்தினார். பதினேழு ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில் மறுபடி மோதினார்கள். டயஸ் ஆறரை ஆண்டுக்கு மேல் ஓய்வில் இருந்தவர். லாலரோ தொடர்ந்து நான்கு தோல்வி கண்டிருந்தார். ஓய்வெடுத்தவர் புத்துணர்வோடு இருப்பார் என்று நம்பினோம். மூன்றாம் சுற்றில் டயஸ் தரையில் அமர்ந்தபடியே, தொடர விருப்பமில்லை என்று நடுவரிடம் சொல்லிவிட்டார். லிடல் எட்டாண்டு ஓய்வுக்குப் பின் 2018-இல், 48 வயதில், தான் முன்பு இருமுறை வென்ற டிட்டோ ஆர்டிஸிடம் முதல் சுற்றிலேயே நினைவிழந்து விழுந்ததை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை. ஓய்வு களவயதை நிறுத்திவைக்கும், திருப்பித் தராது. ஆட்டத்தின் பழக்கம் விட்டுப்போவதைத் 'துரு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். துருவைத் தேய்த்து எடுக்கலாம்.

ஆனால் களவயது ஆரூடமும் அல்ல. குளோவர் டெக்ஸேரா 2002 முதல் சண்டையிட்டவர். 2016-இல் பதின்மூன்றே விநாடியில் நாக் அவுட் ஆனவர். அவர் 2021 அக்டோபரில் அபுதாபியில், 42 வயதில், யான் பிளாஹோவிச்சின் கழுத்தை நெரித்துப் பட்டம் வென்றார். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் முடிந்துபோனவர் என்று தீர்ப்பெழுத வேண்டாம்.

இனி ஒலிப்பு. களவயது என்று சேர்த்து எழுதினால் 'களவு' கண்ணில் படுகிறது என்ற எதிர்ப்பு வரும், நியாயமானதுதான். முதல் சில கட்டுரைகளில் 'கள வயது' என்று பிரித்து எழுதி, பழகியபின் சேர்க்கலாம். யு.எஃப்.சி. சண்டைகள் கூண்டுக்குள் நடப்பவை, ஆனால் 'கூண்டு வயது' என்றால் கயிறு கட்டிய மேடையில் நடந்த பிரைட் சண்டைகள் வெளியே போய்விடும். 'அடிவயது' அடிவயிற்றை நினைவூட்டும். களம் இரண்டு மேடைகளையும் தாங்கும், பழைய சொல், யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஒரே ஒரு காரணத்துக்காக இதை விலக்கிக்கொள்ளச் சம்மதிப்பேன். வடசென்னையில் குத்துச்சண்டை ஆடிய பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடி வாங்கி வாங்கித் தளர்ந்த ஆளைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஏதாவது ஒரு சொல்லைப் பயன்படுத்தாமலா இருப்பார்கள்? அந்தப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் நேரில் போய்க் கேட்டு, கிடைப்பதை இங்கே எழுதுங்கள். அது வரும்வரை பட்டியலில் 'களவயது' என்பதைப் பரிசீலனைச் சொல்லாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.