பாலிமர் மின்காப்புப் படலம்: உங்களை இன்னும் உறுத்தும் அளவீடு எது?

கேட்கசிவு
பென்டசீன் என்ற கரிமக் குறைக்கடத்தியில் செய்த டிரான்சிஸ்டர். கேட் மின்முனைக்கும் குறைக்கடத்திக்கும் இடையிலான மின்காப்புக்கு மெலமைன் பிசின் சேர்த்துக் குறுக்குப்பிணைத்த பிவிபி (பாலிவினைல்ஃபீனால்). எல்லாரும் போடும் கலவைதான். வெற்றிட அறைக்குள் கேட் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் மின்னோட்டத்தின் போகும் கோடும் திரும்பும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று அழகாக உட்கார்ந்தன. அளவீட்டை ஓடவிட்டபடியே வால்வைத் திறந்து அறைக்காற்றை உள்ளே விட்டேன். அடுத்த சுற்றிலேயே கோடுகள் பிரிந்தன, அதற்கடுத்த சுற்றில் இன்னும் அகலம். திரும்பும் கோடுதான் மேலே, அதாவது மின்னோட்டம் கூடுதல். பிவிபியின் ஹைட்ராக்சில் (OH) தொகுதி ஈரத்தை இழுக்கும், தெரியும். இவ்வளவு சீக்கிரமாகவா?

சுழல்தட்டு
என்னுடைய மின்காப்பு பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்), ஹைட்ராக்சில் தொல்லையே இல்லை. அதன்மேல் குளோரோஃபார்மில் கரைத்த பி3எச்டி என்ற குறைக்கடத்திப் பாலிமரைச் சுழற்றிப் பூசவேண்டும். பிஎம்எம்ஏவும் குளோரோஃபார்மில் கரையுமே என்றேன். "வேகமாகச் சுழற்றினால் ஒன்றும் ஆகாது" என்றார் கரைசல் தந்தவர். துளி விழுந்த கணத்தில், சீராக ஒரே நிறத்தில் இருந்த படலத்தில் துளியைச் சுற்றி வண்ண வளையங்கள் விரிந்தன. தடிமன் போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அளந்தால் கேட் மின்னோட்டமும் டிரெயின் மின்னோட்டமும் ஒரே அளவு, அதாவது மின்காப்பே கசிகிறது! அப்புறம் தலைகீழாகக் கட்டினோம்: பி3எச்டி கீழே, பியூட்டைல் அசிடேட்டில் கரைத்த பிஎம்எம்ஏ மேலே. அது நின்றது.

பழைய உலை
கேட்கசிவு, காற்றின் மேல் பழி போடாதீர்கள். எந்த வெப்பத்தில் சுட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே? 200 டிகிரி பக்கம் போகாவிட்டால் பிணைப்பு அரைகுறைதான், மிஞ்சும் ஹைட்ராக்சில் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுடுவதற்கு முன்னும் பின்னும் அகச்சிவப்பு நிறமாலை எடுத்து 3400 செ.மீ⁻¹ பக்கம் இருக்கும் ஹைட்ராக்சிலின் அகன்ற மேடு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். குறைக்கடத்தி இல்லாமல் உலோகம், பாலிமர், உலோகம் என்று ஒரு மின்தேக்கியும் செய்துவையுங்கள். அதை ஒரு லட்சம் ஹெர்ட்ஸில் மட்டும் அளந்துவிட்டு நகர்திறன் (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. குறைந்த அதிர்வெண்ணில் மின்தேக்குதிறன் ஏறும் பாலிமரில் அந்த நகர்திறன் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் வரும். டிரான்சிஸ்டரை நீங்கள் ஓட்டுவது மெதுவாகத்தானே? என் அனுபவமா? பெட் பிளாஸ்டிக் தாளின் மேல் பிவிபி பூசி உலையில் வைத்தார்கள், தாள் சுருண்டுவிட்டது. அவ்வளவுதான்.

கேட்கசிவு
200ல்தான் சுட்டேன். வெற்றிடத்தில் ஒட்டியிருந்த கோடு காற்றில் பிரிந்தது என்றுதானே எழுதியிருக்கிறேன்?

ஒட்டாதுளி
இந்தச் சண்டையே வேண்டாம் என்றுதான் சைடாப் பக்கம் போனேன். ஃபுளூரின் பாலிமர், மின்காப்பு மாறிலி 2.1தான், அதனால் மின்னழுத்தம் அதிகம் கேட்கும். கோடுகள் பிரிவதே இல்லை. ஆனால் குறைக்கடத்திக் கரைசலை அதன்மேல் விட்டேன் பாருங்கள், துளி முழுசாக உருண்டு ஓரத்தில் போய் நின்றது, நடுவில் ஒரு பொட்டு ஈரமில்லை. பிளாஸ்மா காட்டினால் ஒட்டும்தான், ஆனால் மேற்பரப்பின் நல்ல குணம் போய்விடும். அப்புறம் சைடாப் எதற்கு? மேலே கேட் வைக்கும் அமைப்புக்கு மட்டுமே அது சரி.

எலக்ட்ரான் பக்கம்
பழைய உலை, நீங்கள் திசையைக் கவனிக்கவில்லை. துளை (நேர்மின்னூட்டம்) ஓடும் டிரான்சிஸ்டரில் இடைமுகத்தில் மின்னூட்டம் மாட்டிக்கொண்டால் திரும்பும் மின்னோட்டம் குறையவேண்டும். அவருக்குக் கூடியிருக்கிறது. காரணம் பாலிமருக்குள் மெதுவாகத் திரும்பும் மின் இருமுனைகள், அல்லது ஈரத்தில் நகரும் அயனிகள். காற்றைச் சந்தேகித்தது சரிதான்.

ஹைட்ராக்சில் மாட்டிவைப்பதைப் பார்க்கவேண்டுமானால் எலக்ட்ரான் ஓடும் பக்கம் வாருங்கள். சிலிக்கா மேல் இருக்கும் சிலனால் என்ற ஹைட்ராக்சில் தொகுதி (Si-OH) எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்கிறது, அது இல்லாத பிசிபி (பென்சோசைக்ளோபியூட்டீன்) மின்காப்பு போட்டால் பல குறைக்கடத்திப் பாலிமர்களில் எலக்ட்ரான் ஓடுகிறது என்று 2005இல் நேச்சர் இதழில் வந்தது நினைவிருக்கும். எங்களிடம் ஒரே குறைக்கடத்தி, ஒரே நாளில் பூசியது. சிலிக்கா மேல் போட்ட சில்லில் மின்னோட்டமே இல்லை, வெறும் இரைச்சல். பிசிபி சில்லில் ஊசியை வைத்ததும் கோடு எழுந்தது. பக்கத்தில் நின்றவர் முதலில் கேட்டது, "இது கசிவு மின்னோட்டமா?" என்று. கேட் மின்னோட்டத்தையும் சேர்த்து வரைந்து காட்டினேன், அது தரையோடு தரையாகக் கிடந்தது. அப்படியும் அறிக்கையில் "சந்தேகத்துக்குரியது" என்றுதான் எழுதினார்.